பிரியாத எண்ணெய்

“இது கடையில வாங்கினதா?”

“இல்ல மாமா. நானே பண்ணினேன்.”

“நீயா? நேத்துவரைக்கும் கஷாயம் மாதிரி இருந்துச்சேம்மா.”

“இன்னைக்குப் பூண்டை வதக்கிச் சேர்த்தேன்.”

“அதானே பார்த்தேன். இப்படி இருந்தா ஆடு கணக்கா எத்தனை இலை வேணாலும் தின்பேன்.”

ஏழு மாதத்துக்கு முன் எனக்கும் என் மாமனாருக்கும் நடந்த பேச்சு இது. இதில் அவர் சொன்னதெல்லாம் உண்மை; நான் சொன்னதெல்லாம் பொய். பூண்டுகூடப் பொய்.

அவருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைத்து, ராத்திரியில் காய்கறி ஸாலட் மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். முப்பத்துநாலு வருடம் பேருந்து ஓட்டி, வழியில் இருந்த கடைகளிலெல்லாம் சாப்பிட்டுப் பழகிய நாக்கு அவருடையது. வெறும் இலையைத் தட்டில் வைத்தால், அபராதச் சீட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அதனால் வினிகர், எண்ணெய், கடுகுப் பொடி வைத்து, ஸாலட்டின் மேல் ஊற்ற உப்பில்லாமல் ஒரு டிரஸ்ஸிங் செய்ய ஆரம்பித்தேன். தினமும் செய்தேன், தினமும் கெட்டுப்போயிற்று. ஒருநாள் புளிப்பு மண்டையைத் தூக்கும். இன்னொரு நாள் எண்ணெய் தனியாக, வினிகர் தனியாக, பேச்சுவார்த்தை முறிந்த சம்பந்திகள் மாதிரி நிற்கும்.

அன்று கடையில் கூட்டம். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து, பிரேமைக் காதுக்கு ஏற்றபடி வளைத்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால். திரும்பும் வழியில் ஒரு பாட்டில் டிரஸ்ஸிங் வாங்கினேன். வீட்டு ஜாடியில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் ஏழு மாதம் நீண்டது. ஊரார் சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான். அந்தப் பாட்டிலின் பின்பக்கத்தில் உப்பு எவ்வளவு என்று இருந்த சின்ன எழுத்தை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை.

இன்று கடைக்கு லீவு போட்டேன். காலையில் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனோம், நானும் என் மாமியாரும். டாக்டர் மாமாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இரண்டு முறை கட்டிப் பார்த்தார்.

“குறையவே இல்லையே. வீட்டுல உப்பு எப்படி?”

அத்தை முந்திக்கொண்டார். “உப்பு டப்பாவையே பரண்ல ஏத்தியாச்சு டாக்டர். ஸாலட்டுக்கு ஊத்தறதைக்கூட என் மருமக தன் கையால பண்றா. கடைப் பாட்டில் எங்க வீட்டுப் படி ஏறினதே இல்ல.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாராட்டு. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தேன். சொல்ல அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடமும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“அப்போ ஒரு மாத்திரை பத்தாது. இன்னொண்ணு சேர்க்கறேன். இன்னைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆரம்பிங்க. முதல்ல கொஞ்ச நாள் தலை சுத்தலாம். தனியா மாடிப்படி இறங்க விடாதீங்க.”

மாமாவுக்கு வரப்போகும் தலைசுற்றலை நான்தான் பாட்டில் பாட்டிலாகச் சுமந்து வந்து ஊற்றினேன் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாலை ஐந்து மணிக்குச் சமையலறைக்குள் போனேன். ஜாடியில் மீதி இருந்ததைத் தொட்டியில் கொட்டி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். கிண்ணத்தில் வினிகரும் எண்ணெயும் ஊற்றி, கடுகுப் பொடி தூவி அடித்தேன். கையை எடுத்ததும் எண்ணெய் மேலே வந்துவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது.

மாமா தண்ணீர் குடிக்க வந்தவர், கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, எண்ணெய் மிதக்குது?”

“இன்னைக்குச் சரியா சேரல மாமா.”

“ஏழு மாசமா மிதக்கவே இல்லையே.”

அவர் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எண்ணெயும் வினிகரும் ஏழு மாசம் ஒரே ஜாடியில சண்டை போடாம இருக்குமா? நானும் உங்க அத்தையும்கூட அப்படி இருந்ததில்ல.”

கரண்டி கையிலிருந்து நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

“தெரிஞ்சுமா மாமா ஒண்ணும் சொல்லல?”

“நாக்குக்கு வேண்டியிருந்துச்சு. வாய் மூடிக்கிச்சு.” அவர் என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துப் பேசினார். “எழுபத்திரண்டு வயசு. பொண்டாட்டி டாக்டர்கிட்ட பெருமை பேசறா, நான் பாலைக் குடிச்ச பூனை மாதிரி உக்காந்திருக்கேன். உன்னைவிட நான்தான் பெரிய களவாணி.”

இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

“ஒண்ணு செய்வோம்மா. இனிமே நீ நிஜமாவே பண்ணு. நான் அந்த மாத்திரையையும் முழுங்கிடறேன். விஷயம் இந்தச் சமையக்கட்டோட போகட்டும்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு நொடிதான். ஆனால் இருந்தது. ஏழு மாதப் பொய்யைவிட அந்த ஒரு நொடிதான் என்னை அதிகம் கூசவைத்தது.

“வேண்டாம் மாமா. படியில தலை சுத்தினா?”

“கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு முதல் கியர்லயே இறங்கறேன்.”

“வேண்டாம். நான் சொல்லிடறேன்.”

அவர் தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். நான் கிண்ணத்தைக் கழுவி மறுபடி தொடங்கினேன். இந்த முறை பூண்டை நிஜமாகவே தோலோடு சுட்டு மசித்தேன். அதோடு கடுகுப் பொடி, துளி தேன், வினிகர், எலுமிச்சைத் தோல் துருவல். எண்ணெயை நூலாக விட்டு, கை கடுக்கும்வரை நிறுத்தாமல் அடித்தேன். கெட்டியாகி மஞ்சளாக வந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். கடைச் சுவை இல்லை. ஆனால் சாப்பிடலாம். முழுசாக இருபது நிமிடம் பிடித்தது. நின்ற காலோடு வந்து இந்த இருபது நிமிடம் நிற்கத்தான் என்னால் முடியாமல் போயிருந்தது.

என் கணவர் தபால் பிரிக்கும் இடத்தில் அதிகாலை ஷிப்ட். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். பகல் சமையல் அத்தையுடையது; மூட்டுவலியால் மாலையில் அவரால் நிற்க முடியாது. ஏழு மணிக்கு நான் செருப்பைக் கழற்றும்போது என் கணவர் குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி, “வந்துட்டியா? பசிக்குது” என்று சிரிப்பார். நல்ல மனுஷர். குறை சொன்னால் என் வாய்தான் வேகும். கல்யாணத்துக்கு முன், “வேலை, வீடு ரெண்டையும் நானே பாத்துப்பேன்” என்று அவர் கேட்காமலே சொன்னவள் நான். சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? ஆறு வருடமாக ஒரே ஒரு வாக்கியம் தொண்டைவரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மேஜையில் தட்டுகளை வைத்தேன். புது மாத்திரை அட்டை அத்தையின் கையருகே இருந்தது.

“அத்தை, அந்த மாத்திரையை இன்னைக்குக் கொடுக்க வேண்டாம்.”

“ஏன்?”

சொன்னேன். எந்தக் கடை, எத்தனை மாதம், பாட்டிலை எங்கே போட்டேன் எல்லாம். “எனக்கும் தெரியும்” என்று மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அத்தை கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் முன்னாடி வாய் கிழியப் பேசினேனே. பக்கத்துலதானே உக்காந்திருந்த? என் முழங்கையைத் தட்டியிருக்கக் கூடாதா?”

“தப்புதான் அத்தை.”

“நீங்களும்தான்,” என்றார் மாமாவிடம். “வயசு ஆச்சு, வெக்கம் ஆகல.”

கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான் அளவு பார்த்துப் போட்டுக் கொடுத்த கண்ணாடி.

என் கணவர் எழுந்து போய் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார். “புது மாத்திரை இப்போ வேண்டாமாம். பழசை மட்டும் தொடரணும். ரெண்டு வாரம் நிஜமாவே உப்பில்லாம சாப்பிட்டுட்டு வரச் சொல்றார்.”

மாமா ஒரு இலையை டிரஸ்ஸிங்கில் தோய்த்துத் தின்றார். யாரும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் அடுத்த இலையை எடுத்தார்.

என் கணவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு நாள்னா புரியுது. ஏழு மாசம் ஏன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அத்தையும் மாமாவும் எதிரிலேயே இருந்தார்கள். தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று வழக்கம்போலத் தள்ளிப்போடத் தோன்றியது. வாக்கியம் தொண்டைக்கு வந்தது.

“ஏழு மணிக்கு மேல என்னால நிக்க முடியலங்க. நாளையிலேர்ந்து ராத்திரிச் சமையலை நீங்க பண்றீங்களா?”