பாகற்காய்ப் பிரட்டல்

என் புருஷன் இப்போது என் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் வாயில் வைக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சோற்றைத் தின்ற உடம்பு அது. இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்க் கொட்டுவது?

அவர் பெயர் அந்தோணிராஜ். லாரி ஓட்டியவர். போன வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சு வலித்து, ஓரமாய் நிறுத்தி, அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பை மாத்திரை. "நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் மறுபடி அடைத்துக்கொள்ளும்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கம்பெனியோ லாரிச் சாவியைத் திரும்பக் கொடுக்கவில்லை. புக்கிட் காத்தில் என்கிற எங்கள் ஊரில், வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் மனுஷன். நான் கிளேபாங் ரோட்டோரத்தில் வடையும், கோரேங் பீசாங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சுட்டு விற்றுக் குடும்பத்தை ஓட்டினேன்.

பயந்த மனுஷனை எல்லாரும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். கூட லாரி ஓட்டிய சேகரன் காந்த வளையல் ஒன்றைக் கொண்டுவந்து கையில் மாட்டினான். எவனோ ஒருத்தன் யூடியூப்பில் பிரபஞ்ச சக்தி, கண்ணை மூடு, மூச்சை இழு என்றான். இவரும் இழுத்தார். பக்கத்து வீட்டுத் திலகா, பாவம், நல்ல மனசோடுதான், முனீஸ்வரன் கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவந்தாள். "திலகா, உன் சாமிய நான் கொற சொல்லல. ஆனா என் வீட்டு வாசல்ல வேணாம்மா" என்று திருப்பி அனுப்பினேன். வளையலைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

நான் எஸ்டேட்டில் பிறந்த வேதக்காரி. விடிந்ததும் சிலுவை போடுவேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. முனீஸ்வரனையும் பிரபஞ்சத்தையும் வாசலோடு அனுப்பிவிட முடிந்தது. இயேசுவின் பெயரையே சொல்லிக்கொண்டு ஒருத்தன் வந்தபோதுதான் எனக்குக் கைகால் ஓடவில்லை. அவனைக் கூட்டி வந்தது என் மகள் ஷெர்லீன். வெளியாளாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன்.

பாஸ்டர் கிஷன். டயர் கடைக்கு மேல் மாடியை வாடகைக்கு எடுத்து, 'மகிமை ஊற்று' என்று போர்டு மாட்டி ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். வந்தார், வீட்டைச் சுற்றி முகர்ந்து பார்த்தார், பீடத்தில் இருந்த அந்தோணியார் சுரூபத்தைக் காட்டி, "பிரதர், இது இருக்கிற வீட்ல அற்புதம் நடக்காது" என்றார். அந்தோணியார் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற இந்த மனுஷன் "ஆமாங்க பாஸ்டர்" என்று தலையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சுரூபத்தை எடுத்துப் போய் அடுப்படியில், மிளகாய்த்தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுப்படி என் ராஜ்ஜியம், அங்கே எந்தப் பாஸ்டரும் நுழைய முடியாது.

அடுத்த வாரம் கூட்டத்துக்குப் போய் வந்தவர், மாத்திரைப் பையை எடுத்துக் குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

"என்னாங்க பண்றீங்க? பைத்தியமா ஒங்களுக்கு?"

"நான் சுகமாயிட்டேன், பிரிஜிட். கர்த்தர் சுகம் குடுத்ததுக்கு அப்புறம் மாத்திரை போட்டா, அவரு குடுத்தது பத்தலன்னு சொல்ற மாதிரி."

"அந்தக் கர்த்தர்தானே டாக்டரையும் குடுத்தாரு?"

"மம்மி, டேடி விசுவாசத்த கெடுக்காதீங்க லா" என்றாள் ஷெர்லீன். நான் பெற்றதுதான். ஒரு வருஷம் பாலூட்டி வளர்த்ததுதான்.

கெஞ்சினேன், கத்தினேன், சோறாக்காமல் கிடந்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட ஆரம்பித்துவிட்டார், விசுவாசம் இல்லாதவள் என்று. அதற்குப் பிறகுதான் அந்த வேலையைச் செய்தேன். கிளினிக்குக்கு அவருடைய அட்டையோடு போய் மாத்திரை வாங்கினேன். "முழுங்க முடியல, இடிச்சுக் குடுக்கலாமா?" என்று மருந்து கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, இடிக்கக் கூடாத ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கொடுத்தாள். மிளகு இடிக்கிற சின்ன உரலில் போட்டு நுணுக்கினேன். கசப்பை எதில் மறைப்பது? அவருக்குப் பாகற்காய்ப் பிரட்டல் என்றால் உயிர். கசப்போடு கசப்பாகப் போயிற்று. அந்தோணியார் மிளகாய்த்தூள் டின்னுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் மத்தியானம் பாகற்காய். "என்னா புள்ள, இப்பல்லாம் ருசியா ஆக்குற?" என்று விரலை நக்குவார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த சாமியார் சீனர். என் உடைசல் இங்கிலீஷில் அவருக்கு என்ன புரிந்ததோ, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாளும் இடித்தேன்.

மனுஷன் தேறிவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்து காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தார், வாசலைக் கூட்டினார். செக்கப்புக்குப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பாகுஸ், ரொம்ப நல்லாருக்கு, இப்படியே இருங்க" என்றாராம். மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி இவர் அங்கே வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து குதித்தார். "டாக்டரே ஒத்துக்கிட்டான் பாத்தியா! கர்த்தர் ஜெயிச்சிட்டாரு!" நான் அடுப்படிக்குப் போய் உரலைக் கழுவினேன்.

அங்கேதான் விதி திலகாவின் ரூபத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அவளுக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்கிறவள். காலில் ஒரு புண் ஆறாமல், விரலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

"அக்கா, அண்ணன் நெசமாவே மாத்திர போடுறதில்லயா?"

இவர் வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "அவரு போடுறதில்ல லா." பொய் சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு. அவர் போடுவதில்லைதான், நான்தானே போடுகிறேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் மண்ணள்ளிப் போட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகிமை ஊற்றில் இவருடைய சாட்சி என்று ஊரெல்லாம் வாட்சாப்பில் சொன்னார்கள். பெண்டாட்டி வராவிட்டால் நன்றாக இருக்காது என்று ஷெர்லீன் இழுத்துக்கொண்டு போனாள். டயர் ரப்பர் வாடையும் ஏர்கான் குளிரும். உள்ளே போனால் முன்வரிசையில் திலகா, பட்டுப்புடவை கட்டி, குங்குமத்தை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இவர் மைக்கைப் பிடித்தார். லாரி, நெஞ்சுவலி, ஸ்டென்ட் எல்லாம் சொல்லி அழுதார். "அன்னிக்கிலேருந்து ஒரு மாத்திர என் வாய்க்குள்ள போகல. டாக்டரே பாகுஸ்னுட்டாரு. இந்த ஒடம்பு கர்த்தரோட சாட்சி!" அல்லேலூயா என்று மாடியே அதிர்ந்தது. பாஸ்டர் ஒரு பிரம்புக்கூடையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். விசுவாசக் கூடையாம். "மருந்த நம்புறவங்க வீட்டுக்குப் போங்க. கர்த்தர நம்புறவங்க மருந்த இதுல போடுங்க!"

ஒவ்வொருவராய் எழுந்து போனார்கள். பிரஷர் மாத்திரை அட்டை விழுந்தது. ஆஸ்துமாக்காரப் பிள்ளையின் இன்ஹேலரை அதன் தாய் போட்டாள். திலகா எழுந்தாள். புண்ணான காலை இழுத்து இழுத்து நடந்து, கைப்பையிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்துக் கூடையில் வைத்துக் கும்பிட்டாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் புருஷன் எனக்கு மிஞ்சியிருப்பார். என்னால் முடியவில்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று சின்ன வயதில் எஸ்டேட் கோயிலில் மனப்பாடம் செய்தது அத்தனை பேருக்கு நடுவில் நெஞ்சைப் போட்டு அடித்தது.

"திலகா, அதத் திருப்பி எடு!" என்று கத்தினேன். "எல்லாரும் எடுங்க! அவரு வாய்க்குள்ள மாத்திர போயிருக்கு. தெனமும் போயிருக்கு. நாந்தான் இடிச்சு பாகற்காய்ல போட்டேன்!"

அதுவரை வாசித்துக்கொண்டிருந்த கீபோர்டு நின்றது. இவர் மைக்கோடு அப்படியே என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கோபம் இல்லை அது. ஜனங்களுக்கு முன்னால் வேட்டியை உருவிவிட்டால் ஒரு ஆம்பளை முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

பாஸ்டர் கிஷன் இருக்கிறாரே, அசராத மனுஷன். சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "சிஸ்டருக்கு நன்றி. பிரதருக்கு ஏன் இன்னும் பூரண சுகம் வரலன்னு ஜெபத்துல கேட்டுக்கிட்டே இருந்தேன். தடை எங்க இருந்துச்சுன்னு கர்த்தர் இன்னிக்கிக் காட்டிட்டாரு. வீட்டுக்குள்ள, சோத்துப் பானையில!" மறுபடியும் அல்லேலூயா. பின்னாலிருந்து ஒருத்தி, "புருஷனுக்கு என்னத்தையோ கலந்து குடுத்துருக்கா, படுபாவி" என்றாள். ஷெர்லீன் என் கையைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏன் மம்மி இப்படி? டேடிய அசிங்கப்படுத்திட்டீங்களே." இன்ஹேலர் கூடையிலேயே கிடந்தது. திலகா ஒருத்திதான் குனிந்து, தன் ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து என் சோறு அவருக்கு ஆகாது. பக்கத்துக் கடையில் பொட்டலம் வாங்கித் தின்கிறார், பாட்டில் தண்ணீர் குடிக்கிறார். மாத்திரை சுத்தமாக இல்லை. கணுக்கால் வீங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அது சத்துருவின் கடைசி ஆட்டம் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறாராம். அடுத்த மாதம் தம்பின் டவுனில் பெரிய கூட்டம். பேனரில் இவர் படத்தைப் போட்டிருக்கிறார்கள், 'தடைகளை உடைத்த சாட்சி' என்று. ஷெர்லீன் போனில் காட்டினாள். உடைத்தது என்னைத்தான்.

நேற்றுத் திலகா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். புண் ஆறிக்கொண்டு வருகிறது, விரல் தப்பித்துவிட்டது. ரெண்டு மூன்று நாளாக இவருக்குச் சோறு கொடுத்துவிடுகிறாள். அவள் வீட்டுச் சோறு இவருக்கு இறங்குகிறது.

"அக்கா, அந்த மாத்திரய எங்கிட்ட குடுங்க. எங்கூட்டுக் கறியில போட்டுர்றேன். அண்ணனுக்குத் தெரியவா போவுது?" கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "என் உசுரக் காப்பாத்துனீங்க. இதக்கூடச் செய்யமாட்டேனா?"

மாத்திரைப் பை என் கையில்தான் இருந்தது. கொடுத்தால் அவர் பிழைப்பார். பிழைத்து, திடமாகத் தம்பினில் மேடை ஏறுவார். அங்கே ஒரு கூடை இருக்கும். எந்த வீட்டுத் திலகாவோ காலை இழுத்துக்கொண்டு அதை நோக்கி நடப்பாள். கத்துவதற்கு நான் அங்கே இருக்க மாட்டேன். அந்தோணியாரைப் பார்த்தேன்.

"வேணாம், திலகா."

"அப்ப அண்ணன் செத்தாப் பரவால்லயா?"

"வாய மூடுடி!" என்றேன். அப்புறம் அவள் தோளிலேயே சாய்ந்து அழுதேன். அவளும் அழுதாள். பையை மட்டும் நான் விடவில்லை.

சாயங்காலம் மாத்திரைகளை இடிக்காமல் ஒரு சின்னத் தட்டில் வைத்து, மேசைமேல், அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தேன். பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னும் என்னத்தக் கலக்கப் பாக்குற?"

"கலக்கல. இந்தா, தட்டுல இருக்கு, கண்ணால பாருங்க. போட்டா நீங்க போட்டதா இருக்கட்டும். விட்டா நீங்க விட்டதா இருக்கட்டும். இனிமே நா உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன்."

ஒற்றை விரலால் தட்டை என் பக்கம் தள்ளினார். எழுந்து படியேறினார். பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது எனக்குக் கீழே கேட்டது. திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன்.

"எனக்காக ஜெபம் பண்றேன்னு முணுமுணுக்காத, பிரிஜிட்" என்றார், திரும்பாமலே. "உன் ஜெபந்தான் எனக்குத் தடை."

அடுப்படிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்தி முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை, வசவுதான் வந்தது. பாஸ்டரைத் திட்டினேன், பெற்ற மகளைத் திட்டினேன், சும்மா நிற்கிற அந்தோணியாரையும் விடவில்லை. திட்டித் தீர்ந்த பிறகு என் புருஷன் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். தடுத்துக்கொள்ளட்டும், முடிந்தால்.

காலையில் வந்து பார்த்தால் மாத்திரைகள் தட்டில் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, இன்றைய மாத்திரையை வைத்தேன்.