அவர் யாரைப் பார்த்தார்

மார்ச் 12, வியாழன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாலை வகுப்புக்குப் போகும்வரை அது தவறென்றே தெரியவில்லை.

காலையில் சுகாதார மையத்துக்காக வீடு வீடாக ஞாபகப் பரிசோதனை. கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற லாரி டிரைவரும் அவர் மனைவியும்.

"இன்னைக்கு என்ன கிழமை, ஐயா?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"வியாழன்னு சொல்லுங்களேன், சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்றார் அந்த அம்மா.

"வியாழன்."

"இவருக்கா மறதி? கல்யாணத்தன்னைக்குப் போட்ட சண்டையை இன்னும் விடல!"

நானும் சிரித்தேன். சிரித்தபடியே எல்லாக் கேள்விக்கும் மதிப்பெண் போட்டு, 'நலம்' என்று அனுப்பிவிட்டேன்.

மாலையில் முதியோர் பராமரிப்பு வகுப்பில் நான் நோயாளியாக நடிக்க வேண்டியிருந்தது. பதில் வராதபோது என் தலை தானாகப் பக்கத்து இருக்கைக்குத் திரும்பியது. அப்போதுதான் உறைத்தது. டிரைவர் ஒவ்வொரு கேள்விக்கும் அப்படித்தான் மனைவி பக்கம் திரும்பினார்.

வெளியே வந்து மேற்பார்வையாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"மறதி உள்ளவங்களைப் பார்த்துக்குற பகல்நேர மையம் ஊருக்கே ஒண்ணு. மார்க் குறைஞ்சவங்களுக்கே இடம் இல்ல. 'நலம்'னு வந்தவரை யாரு சேர்ப்பா?"

"தப்பு என்னோடது மேடம். திரும்பக் கேக்குறேன்."

"நாளைக்குள்ள அனுப்பு. அப்புறம் என்கிட்ட வராதே."

நேராக அந்த வீட்டுக்குப் போனேன். உள்ளேயிருந்து மூன்று பூட்டுகளைத் திறந்த பிறகே கதவு திறந்தது. அந்த அம்மாவின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. காலையில் அதையும் நான் கவனிக்கவில்லை.

"கண் ஆபரேஷன் எப்பம்மா?"

"ரெண்டு தடவை தேதி குடுத்தாங்க. இவரை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? ஒரு நிமிஷம் அசந்தா லாரி எடுக்கணும்னு ரோட்டுக்குப் போயிடுவாரு."

"அப்போ ஏம்மா பதிலெல்லாம் எடுத்துக் குடுத்தீங்க?"

"நீ தப்புன்னு போட்டா, கொண்டுபோய் எங்கயாவது அடைச்சிடுவாங்க."

"அது பகல்நேர மையம்மா. காலையில விட்டா சாயங்காலம் கூட்டிட்டு வந்துடலாம். ராத்திரி உங்ககூடத்தான் இருப்பாரு. நீங்க போய்க் கண்ணைச் சரிபண்ணிக்கலாம்."

உள்ளேயிருந்து டிரைவர், "யாரது, கிளீனரா?" என்று கேட்டார்.

"ஆமா, உங்க புதுக் கிளீனர்!" என்று கத்திவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வா. ஆனா நான் பக்கத்துல இருந்தா வாய் சும்மா இருக்காது, சொல்லிட்டேன்."

நாளை: பத்து மணிக்கு டிரைவர் வீடு. அம்மாவை மாடிக்கு அனுப்ப வேண்டும். முதல் கேள்வியிலிருந்து அவரிடம் மட்டும் கேட்க வேண்டும். மதியத்துக்குள் மேடத்துக்கு அனுப்ப வேண்டும்.