பிள்ளை திரும்பிய பெயர்

அந்த அறையில் பெரியவர்களுக்கு ஒரு அளவிலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு அளவிலும் நாற்காலிகள் கிடந்தன. பேக்கரிக்காரன் கவனிக்காமல் சின்னதில் உட்கார்ந்துவிட்டான். முழங்கால்கள் இரண்டும் தாடையைத் தொட்டன. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்திரிங்க, உங்களைச் சேத்துக்க மாட்டாங்க" என்றாள்.

இரவெல்லாம் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றுவிட்டு நேராக இங்கே வந்திருந்தான். நகக்கண்ணில் மாவு அப்படியே இருந்தது. மகன் தரைவிரிப்பில் குந்தியிருந்து, அங்கே கிடந்த டப்பா மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தான். மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் பேசாத பிள்ளை. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். காதில் குறை ஒன்றும் இல்லை என்றும் பார்த்தாயிற்று.

இப்படிப்பட்ட பிள்ளைகள் முதல் சொற்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைத்தான் இந்த இடத்தில் ஆராய்கிறார்கள். ஆராய்ச்சியில் சேருகிற பிள்ளைகளுக்கு வாராவாரம் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான். பேசாவிட்டால் போகட்டும், ஏதாவது ஒரு சொல்லாவது அவர்களுக்குப் புரிய வேண்டும். புரியாதவர்கள் அடுத்த வருடம் வரலாம். பிள்ளையின் தாய் இந்த நாளுக்காக எத்தனை மாதம் காத்திருந்தாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

ஆராய்ச்சி செய்கிற பெண் தானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பகல்ல இவன்கூட யார் இருப்பாங்க?"

"இவர்தான் மேடம். நான் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி.

"அப்ப அப்பாவைத்தான் கேக்கணும். எதைச் சொன்னா இவனுக்குப் புரியுது?"

"எல்லாம் புரியும் மேடம்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்."

"வான்னா வருவான்."

"கையை நீட்டாம, வெறும் வாயால சொன்னா?"

அவன் பிடரியைச் சொறிந்தான்.

அவள் சோதனையை விளக்கினாள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். கைதட்டக் கூடாது, தொடக் கூடாது. மூலையில் இருக்கும் கேமரா பார்த்துக்கொள்ளும். முதலில் அவளே பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆண்டவனின் திருநாமங்களில் ஒன்று அது. தாய் ஆசைப்பட்டு வைத்தது. பிள்ளை திரும்பவில்லை. பிறகு தாய் கூப்பிட்டாள். பெயரைச் சொன்னாள், கண்ணு என்றாள், தங்கம் என்றாள், ராசா என்றாள். கேட்பவர்கள் நெஞ்சு கரைந்திருக்கும். மூடிமேல் மூடி ஏறியதே தவிர அந்தச் சின்ன முதுகு அசையவில்லை.

"இப்ப அப்பா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல இருந்தது. தன் வாயில் அந்தப் பெயர் எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பிள்ளை திரும்பவில்லை.

"பரவாயில்ல. கொஞ்ச நேரம் வெளியில இருந்துட்டு வாங்க. இன்னொரு தடவை பாக்கலாம். அப்பவும் இல்லேன்னா அடுத்த வருஷம் கட்டாயம் கூப்பிடுவோம்" என்றாள் அந்தப் பெண். பிள்ளை மூடிகளை விட்டு வர மறுத்ததால், தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர்களை அனுப்பினாள்.

நடைவழி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மனைவி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று விளையாட்டாகப் பேசினாள்.

"நீங்க கூப்பிட்டதைக் கேட்டா, சார் உள்ள வரலாமான்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. அவன் எப்படித் திரும்புவான்?"

அவன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும். பிள்ளை எதற்குத் திரும்புவான் என்பது இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பிள்ளை மெதுவாகத்தான் வளரும் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை அது. அடுப்பு வெக்கையில் வெந்து வந்து படுத்தவனின் போர்வையைப் பிள்ளை இழுத்தது. மறுபடியும் இழுத்தது. "போ அந்தாண்ட, தண்டம்!" என்று கத்திவிட்டான். ஒன்றுக்கும் உதவாதது என்ற அர்த்தத்தில்தான். கடவுளின் முன் விழுந்து கும்பிடுவதற்கும் தண்டம் என்று பெயர் உண்டு. ஆனால் அவன் அன்று அதை நினைத்துச் சொல்லவில்லை. ஒருநாள் வாய் தவறியது மறுநாள் எளிதாக வந்தது. "தண்டம், இங்க வா. தண்டம், வாயைத் திற." நாளாக நாளாகக் கோபம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. சிரித்துக்கொண்டேகூடச் சொன்னான். பிள்ளையும் ஓடிவந்தது. பழகிவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் மனைவி வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்தச் சொல் ஒருமுறைகூட அவன் வாயிலிருந்து வந்ததில்லை. தப்பு என்று தெரியாதவனா அப்படி ஒளிப்பான்?

"எல்லாம் என்னாலதான்" என்றாள் அவள். விளையாட்டுப் பேச்சு அதற்குமேல் அவளுக்கு ஓடவில்லை. "பெத்தவ பக்கத்துல இருந்து பேசியிருந்தா நாலு வார்த்தை காதுல ஏறியிருக்கும். நான் வேலை வேலைன்னு ஓடினேன். நீங்களாவது தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுப் பாத்தீங்க. அவனுக்கு ஒரு பேரைக்கூடத் தெரியாம வளத்துட்டேனே."

சூடான தட்டைக் கையால் எடுத்தவன் போல அவன் எழுந்துவிட்டான். தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தன் பழியை அவள் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவளைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டு, அதற்குள் உள்ளே போய்க் கூப்பிட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் சேர்த்து வெட்கப்பட்டான்.

உள்ளே போய், அந்தப் பெண்ணிடம் மெல்லச் சொன்னான். "மேடம், அவன் வேற ஒரு பேருக்குத் திரும்புவான். நான் வச்ச பேரு. நல்ல பேரு இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன பேர் என்று கேட்கவில்லை. "அம்மா கொஞ்ச நேரம் வெளியில இருக்கட்டுமா?" என்றாள். அவனைக் கூசவிடாமல் காப்பாற்றத்தான் கேட்டாள்.

"வேண்டாம். அவளும் இருக்கட்டும்."

மனைவி வந்து கதவோரம் நின்றாள். அவன் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றான். கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகத்தான் சொன்னான்.

"தண்டம்."

பிள்ளை உடம்போடு திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. கையிலிருந்த மூடியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே தள்ளாடி வந்து, அதை அப்பாவின் கையில் வைத்தான்.

ஆராய்ச்சிப் பெண்தான் முதலில் வாய் திறந்தாள். "நானும் ஒரு தடவை சொல்லணும். சொல்லுக்குத் திரும்புறானா, உங்க தொனிக்கான்னு தெரியணும்." சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் நாக்கு எழவில்லை. பிள்ளை மறுபடி மூடிகளிடம் போன பிறகு, தாயின் பக்கம் பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொன்னாள். அவளுக்கும் அதே சிரிப்பு கிடைத்தது.

"தெரியுது. நல்லாவே தெரியுது. சேத்துக்கலாம்" என்றாள்.

மனைவி கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எத்தனை நாளா?"

"டாக்டர் சொன்னதுல இருந்து."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ஆராய்ச்சிப் பெண்ணைக் கும்பிட்டான். "இனிமே செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் மேடம்."

"ஐயோ, அப்படி நிறுத்திடாதீங்க" என்றாள் அவள் அவசரமாக. "அவனுக்குத் தெரிஞ்ச ஒரே சொல் அது. அதை நீங்க திட்டா சொன்னீங்கன்னு அவனுக்குத் தெரியாது. தன்னைத் தேடுறாங்கன்னுதான் நினைக்கிறான். திடீர்னு நிறுத்தினா, யாருமே கூப்பிடலைன்னு ஆயிடும். முதல்ல அதைச் சொல்லுங்க, கூடவே பேரையும் ஒட்டிச் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும், எல்லா நேரமும். பேர் பிடிபட்டதும் பழசை மெதுவா விட்டுடலாம்."

ஒளித்துச் சொன்னதை இனி ஊரறியச் சொல்ல வேண்டும். இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்த நீதிபதியும் கொடுத்திருக்க முடியாது. அந்தப் பெண்ணோ தண்டிக்க நினைத்தே பேசவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம். மனைவி நாலடி தள்ளி நின்றாள். அவன் சில்லறைக்காகச் சட்டைப்பையைத் துழாவிய நேரத்தில் பிள்ளை கையை உருவிக்கொண்டு, ஓரமாக நிறுத்தியிருந்த சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்து நடந்தான். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் சாலை.

அவன் கூப்பிட்டான். தண்டம் என்று உரக்கச் சொல்லி, அதன் வாலில் பிள்ளைக்கு வைத்த ஆண்டவனின் பெயரையும் சேர்த்துச் சொன்னான். பிள்ளை நின்று திரும்பினான். கூட்டமும் திரும்பியது.

குடை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, பெத்த பிள்ளையை இப்படியா கூப்பிடுவ? நாக்கா அது, என்ன அது?"

பயிற்சியில் சொல்லச் சொன்னார்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. ஆனால் உண்மைக்குப் பின்னாலும் மனிதன் ஒளிந்துகொள்ளலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"ஆமாங்க. தப்புதான்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புன்னு தெரிஞ்சே சொல்றியா? நல்லா இருக்குய்யா கதை!"

அப்போது மனைவி நடந்து வந்தாள். பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டாமல், எல்லோருக்கும் கேட்கும்படி, கணவன் சொன்ன அதே இரண்டு சொற்களையும் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் சொல்லில் அவள் குரல் உடைந்தது. பிள்ளை அவளிடம் ஓடிவந்தான்.

"பழக்கத்தை மாத்திட்டிருக்கோம் ஐயா" என்றாள் பெரியவரிடம்.

மாத்திட்டிருக்கார் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவனுக்குக் கண்ணை நீர் மறைத்தது.

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். ஏறியவர், பின்னால் ஏறிப் பிள்ளையோடு நின்றவளுக்குத் தன் இருக்கையைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். அவள் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கணவன் நிற்பதற்குக் காலை ஒடுக்கி இடம் விட்டாள்.

அவன் குனிந்து பிள்ளையின் காதருகில் இரண்டு சொற்களையும் சொன்னான். முதல் சொல்லுக்குப் பிள்ளை நிமிர்ந்து சிரித்தான். இரண்டாவது வெறும் காற்றாகத்தான் போயிற்று. அவன் மறுபடியும் சொன்னான்.