மோட்டார் போடும் திருடன்

தீவின் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவே அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வரும். அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். அதற்குள் மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பாவிட்டால், அடுத்த மூன்று நாளும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவிடம் வாளியோடு போய் நிற்க வேண்டும். பேச்சியம்மா தண்ணீர் தருவாள். கூடவே புத்திமதியும் தருவாள்.

சந்திரமோகனின் மனைவி ராஜகுமாரி பள்ளிக்கூட டீச்சர். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். ஆகவே தண்ணீருக்குக் காவல் சந்திரமோகன்தான். டெலானிபூர் ஆபீசில் அவனுக்கு வருஷத்துக்கு எட்டு நாள் லீவு. ஜூலைக்குள் ஏழு நாளைத் தொட்டி குடித்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்று, வெள்ளிக்கிழமை அடுத்த தீவிலுள்ள ஹட்பேவுக்குக் கப்பல் ஏறுவதற்காக. அங்கே சனிக்கிழமை ராஜகுமாரியின் தங்கை பானுவுக்குக் கல்யாணம்.

"செவ்வாக்கிழமை தண்ணி வரும். அன்னைக்கு நீங்க லீவு போட்டா கல்யாணத்துக்கு நான் தனியாத்தான் போவேன். தனியாப் போய் எல்லாருக்கும் பதில் சொல்ல எனக்கு ஏலாது. போனா திரும்பி வரவும் மாட்டேன்" என்றாள் ராஜகுமாரி.

சந்திரமோகனிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம். ஆனால் அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினி. குழாயில் தண்ணீர் வந்தால் அதற்குத் தெரியும்படி ஒரு கம்பி. கம்பியில்லாமல் கட்டளை வாங்கிக்கொள்ளும் ஒரு சுவிட்ச், கொல்லையில் மோட்டாருக்குப் பக்கத்தில். எல்லாம் தயார். கணினிக்கு வாய் மட்டும் இல்லை. அதற்கு ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் செருக வேண்டும்.

பஜாரில் எலக்ட்ரிக் கடை ஹபீப் முகம்மது மூன்று தினுசுகளை எடுத்து வைத்தார். ஒன்று சுண்டுவிரல் நகம் அளவு. இன்னொன்றுக்குக் கொம்பு மாதிரி ஓர் ஆன்டெனா. மூன்றாவதுக்கு இரண்டு.

"எது சார் வேணும்?"

சந்திரமோகன் யோசித்தான். அவன் யோசித்த நேரத்தில் ஹபீப் முகம்மது இரண்டு டார்ச்சும் ஒரு மிக்சியும் விற்றார்.

"அரே சார், பொண்ணு பார்க்கவா வந்தீங்க? ஏதாச்சும் ஒண்ணை எடுங்க. சரியா வரலைன்னா மாத்திக்கலாம்."

நகம் அளவுள்ளதை வாங்கினான்.

கடல் காற்று உள்ள ஊரில் மின்சாமானை வெறுமனே வைப்பவன் பைத்தியக்காரன். ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். கேமராவானாலும் ரேடியோவானாலும் அரிசியில் புதைத்து டப்பாவில் அடைப்பதுதான் இந்தத் தீவு வழக்கம். சந்திரமோகனும் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை எடுத்தான். அடியில் இரண்டு படி அரிசி போட்டான். வயர் நுழைய ஓட்டை போட்டு, கணினியையும் அடாப்டரையும் உள்ளே வைத்து, மூடியை ஓங்கி ஒரு குத்துக் குத்தி மூடினான். குழாய்க் கம்பியை ஈரத் துணியால் தொட்டுப் பார்த்தான். மோட்டார் அசையவில்லை.

"வாய் சின்னது. கேக்கலை" என்று ஹபீப் முகம்மதுவிடம் சொன்னான். "வேண்டாததை எல்லாம் கடைசில சேர்த்துத் திருப்பிக் கொடுங்க" என்று அவர் ஒற்றைக் கொம்பைத் தந்தார். அதையும் டப்பாவில் வைத்து மூடினான். அசையவில்லை. திங்கட்கிழமை இரட்டைக் கொம்பு வந்தது. மூடி போட இடைஞ்சலாக இருந்ததால் கொம்புகளைக் கரப்பான்பூச்சி மீசை மாதிரி மடக்கிவிட்டு மூடினான். மோட்டார் கல்லாகக் கிடந்தது.

"இதைவிடப் பெருசு வேணும்னா ஏர்போர்ட்லதான் சார் கேக்கணும்" என்றார் ஹபீப் முகம்மது.

செவ்வாய்க்கிழமை சந்திரமோகன் லீவு கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனான். தண்ணீர் வந்ததும் பேச்சியம்மா போன் செய்வாள். கடிதத்தை நீட்டிவிட்டு ஓட வேண்டும். அதோடு கல்யாணம் போச்சு.

பதினொன்றே காலுக்கு போன் அடித்தது. "தம்பி, தண்ணி வந்துருச்சு!"

போனைக் காதில் வைத்தபடியே கடிதத்தை சூப்பிரண்டு தத்தாவின் மேஜையில் வைத்தான்.

"ஃபிர் பானி?" என்று தத்தா பேனாவைத் திறந்தார். மறுபடியும் தண்ணீரா என்று கேட்க அவருக்கே அலுத்துவிட்டிருந்தது.

"ஆனா தம்பி, உங்க வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்" என்றாள் பேச்சியம்மா.

சந்திரமோகன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"பூட்டுன வீட்டுல மோட்டாரு ஓடுது. யாரு போட்டது? நான் விளக்குமாத்தோட வாசல்ல நிக்கிறேன். தம்பி? அட, இப்பவாச்சும் வாயைத் தொறங்களேன்!"

"அவன் நிரப்பட்டும்கா" என்றான் சந்திரமோகன்.

"திருடனா?"

"ஆமா. தண்ணி நின்னா அவனும் நிறுத்திடுவான்."

தத்தாவின் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் கடிதத்தை இழுத்துக்கொண்டான். 'தண்ணீர்' என்பதை அடித்துவிட்டு 'கல்யாணம்' என்று எழுதினான். செவ்வாயை அடித்து வெள்ளி என்றான். தத்தா கையெழுத்துப் போட்டுவிட்டு, "யாருக்கு, தொட்டிக்கா?" என்று கேட்டார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோதும் பேச்சியம்மா விளக்குமாற்றோடு வாசலில்தான் இருந்தாள். "டீச்சர் உள்ள யாருமில்லைங்கிறாங்க. ஆனா உள்ள போனவன் இன்னும் வெளிய வரலை" என்றாள்.

உள்ளே, பிரிட்ஜ் மேல், பூ போட்ட துணியில் குட்டிக் கணினி உட்கார்ந்திருந்தது. அதன் இடுப்பில் நகம் அளவு அடாப்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் டப்பாவில், ஓட்டையைக் காகிதத்தால் அடைத்து, நூறு முறுக்கு.

"காலையில நீங்க லீவு லெட்டர் எழுதுறதிலேயே இருந்தப்ப டப்பாவைக் காலி பண்ணினேன்" என்றாள் ராஜகுமாரி. "பானுவுக்கு முறுக்கு கொண்டு போக வேணாமா? அந்த மீசைக்காரன் பிரிட்ஜ் மேல நிக்க மாட்டேன்னு விழுந்துக்கிட்டே இருந்தான். அதான் குட்டியைச் செருகி வச்சேன். ஏன், தப்பா?"

சந்திரமோகன் டப்பாவைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். மறுபடியும் டப்பாவைப் பார்த்தான். இரும்புப் பெட்டிக்குள் ஒருவனை அடைத்து வைத்துக்கொண்டு, அவன் குரல் போதவில்லை என்று மூன்று முறை பஜாருக்கு நடந்திருக்கிறோம் என்பது அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அது முழுசாக விளங்குவதற்குள் ராஜகுமாரி சோறு வடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை கொம்பு வைத்த இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனான்.

"கடைசில எதுதான் சார் நல்லா வேலை செய்யுது? அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லணுமில்ல?"

சந்திரமோகன் யோசித்தான். ஹபீப் முகம்மது ஒரு மின்விசிறியை விற்றுவிட்டு, கடைக்கு ஷட்டர் இழுக்கவும் தயாராகிவிட்டார்.

"மூடி போடாதது" என்றான்.