இடது கோட்டில் ஒரு மேடை

விங்கர் என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்க எனக்கு ஒன்பது வருடம் ஆனது.

"மைதானத்து ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு இருக்கும்மா. அத ஒட்டியே ஓடணும். கடைசிக்குப் போயி, நடுவுல நிக்கறவளுக்குப் பந்தப் போட்டுக் குடுக்கணும்."

கடலூர் முதுநகர் இறால் கம்பெனியில் நாள் முழுக்க நின்று தோலுரிக்கும் அம்மா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப ஓடறது நீ, கோல் போடறது இன்னொருத்தியா? இதுக்கா டிகிரி முடிச்ச?"

எங்கள் வீட்டின் முதல் டிகிரி அது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்த சீட்டு, அதாவது காலால் வாங்கிய பி.காம். அதற்குப் பிறகு இடது விங்கில் மூன்று கிளப்புகள். கோழிக்கோட்டில் இரண்டு சீசன், கோவாவில் ஒன்று, புவனேஸ்வரத்தில் பாதி. வருடத்தில் நான்கு மாதம் தொழில்முறை வீராங்கனை, மீதி எட்டு மாதம் 'பவானிக்கு இன்னும் எடம் பாக்கலையா'. புவனேஸ்வரத்தில் இடது முழங்கால் லிகமெண்ட் கிழிந்தது. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கிளப் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. கடைசியில் கும்பிடும் கை எமோஜி மூன்று.

ஆபரேஷன் முடிந்து பதினான்கு மாதம் கழித்து பெங்களூர் கிளப் ஒன்றிலிருந்து பதில் மெயில் வந்தது. அவர்களுக்கு ஒரு இடது விங்கர் தேவை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஆடிய முழு ஆட்டம் ஒன்றின் வீடியோ வேண்டும், வெட்டாமல், ஒட்டாமல், மாதக் கடைசிக்குள். எனக்கு வயது இருபத்தேழு. இது போனால் அடுத்த மெயில் வராது என்று எனக்குத் தெரியும்.

கடலூரில் பெண்கள் ஆடும் ஆட்டத்தை யார் வீடியோ எடுக்கிறார்கள்? நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் சிதம்பரத்திலிருந்து தங்கராசு கூப்பிட்டார். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். ஏதோ ஒரு விளையாட்டு மேம்பாட்டுக் கழகத்துக்குத் தலைவரும் அவர்தான். அந்தக் கழகம் எந்த விளையாட்டை மேம்படுத்தியது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"பாப்பா, ஒனக்கு ஒரு பாராட்டு விழா வெக்கலாம்னு இருக்கோம்."

"விழா வேணாம் சார். மேட்ச் வைங்க. தொண்ணூறு நிமிஷமும் வீடியோ எடுத்துக் குடுங்க, அது போதும்."

"வீடியோ தான? நம்ம பாலகுமார் இருக்கான். ஆயிரம் கல்யாணம் எடுத்தவன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சரி என்றேன். இந்தக் கதையில் என் முதல் முட்டாள்தனம் அது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சிதம்பரம் மைதானத்தில் இறங்கினேன். நுழைவாயிலில் வாழைமரம். இரண்டு பெண்கள் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். ஃப்ளெக்ஸில் என் முகம் தபால்தலை அளவில் இருந்தது, தங்கராசு முழு ஆளாக நின்றார். இதெல்லாம் பழக்கம்தான். பழக்கமில்லாதது ஒன்று இருந்தது. மேற்குப் பக்கக் கோட்டை இடித்துக்கொண்டு மேடை. அதன் முன்னால் சோஃபா வரிசை, சோஃபாவுக்கு முன்னால் சிவப்புக் கம்பளம். எல்லாம் சேர்ந்து மைதானத்துக்குள் ஆறடி வந்திருந்தது. முதல் பாதியில் நான் ஓட வேண்டிய கோடு கம்பளத்துக்குக் கீழே இருந்தது.

"சார், மேடை கோட்டுக்குள்ள வந்திருக்கு."

"ஆறடி தானம்மா. நீ கொஞ்சம் உள்ள தள்ளி ஓடேன்."

"நான் விங்கர் சார். எனக்கு வேலையே அந்த ஆறடியிலதான்."

"கெழக்கால போட்டா சாயங்கால வெயிலு தலைவர் மூஞ்சிலயே அடிக்கும் பாப்பா. ஒரு மனுசன் மூஞ்சில வெயிலடிக்க ஒக்கார முடியுமா?"

விழாவுக்கு வரவிருந்த அந்த அரசியல் தலைவர் எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றக் கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கு அந்தத் தகுதி கிடையாது.

சரி, இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும், அப்போது என் இடது பக்கம் கிழக்குக் கோட்டுக்குப் போய்விடும், நாற்பத்தைந்து நிமிடமாவது உருப்படியாக ஆடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கடலூர் அணிக்கு நான். எதிரே சிதம்பரம் அணி. அதில் என்னைத் தடுக்க வேண்டிய வலது பேக், மங்கலம்பேட்டையிலிருந்து இங்கே வந்து படிக்கும் ஷாசியா. பத்தொன்பது வயது, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்பு ஸ்கார்ஃப், முதுகில் ரெண்டாம் நம்பர்.

"அக்கா, சோஃபா பக்கம் ஜாஸ்தி போவாத" என்றாள். "புடிச்சி மணமேடையில ஒக்கார வெச்சிருவாங்க."

தலைவர் இருபத்திரண்டாவது நிமிடம் வந்தார். நான் பந்தோடு போய்க்கொண்டிருந்தேன். விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்தினார் நடுவர் அந்தோணிசாமி. ரிட்டயரான பி.டி. மாஸ்டர். மேளம் வாசித்தது. வேர்த்து ஒழுகும் ஜெர்சிமேல் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றல்ல, பதினான்கு. தலைவர் மைக்கில், "இந்த மண்ணின் மகள் நாளைக்கே இந்தியாவுக்காக ஓடுவார்" என்றார். அப்போது நான் ஓடாமல் நிற்பதற்குக் காரணமே அவர்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இடைவேளையில் தங்கராசு நடுவரிடம் வந்தார்.

"என்னா மாஸ்டர், எதுக்குப் பக்கம் மாத்தறீங்க?"

"ரூலு சார். ரெண்டாவது பாதியில மாத்தணும்."

"மாத்தினா பாப்பா அந்தக் கடைசிக்குப் போயிடும். தலைவரு எப்படிப் பாப்பாரு? கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு அப்பறம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் எதிர்ச் செவுத்துக்கா மாத்தறோம்?"

அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். பிறகு ஃப்ளெக்ஸைப் பார்த்தார். சிறப்பு அழைப்பாளர்கள் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. பக்கம் மாறவில்லை. நான் கத்தினேன். "நட்புமுறை ஆட்டந்தானம்மா" என்றார்.

இரண்டாவது பாதியும் கம்பளத்தின் ஓரமாகவே ஓடினேன். அறுபதாவது நிமிடம் தலைவர் சாப்பிடப் போனார். மேடைக்குப் பின்னால் பந்தலில் பிரியாணி. கமிட்டி மொத்தமும் பின்னாலேயே போனது.

மறு புதன்கிழமை பாலகுமாரின் ஸ்டுடியோவுக்குப் போனேன். பெருமையோடு போட்டுக் காட்டினார். மூன்று மணி நேரம் பத்து நிமிடம். ட்ரோனில் சிதம்பரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு இதய வடிவ வட்டத்துக்குள் என் முகம் வந்தது. நான் பந்தை எடுத்து ஓட ஆரம்பிப்பேன், கேமரா உடனே சோஃபாவுக்குத் திரும்பும். தலைவர் கை தட்டுவார். கேமரா மறுபடி மைதானத்துக்கு வரும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வருவேன். நடுவில் என்ன நடந்தது என்பது தலைவரின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியது.

"காலையே எடுக்கலையே அண்ணா."

"எடுத்திருக்கேன் பாரு" என்று ஓட்டிக் காட்டினார். நான் குனிந்து ஷூ லேஸ் கட்டுவது, குளோஸப்பில், ஒன்றரை நிமிடம். கல்யாண வீடியோவில் கால் ஒரே ஒரு தடவைதான் வரும், மெட்டி போடும்போது. ஆயிரம் கல்யாணத்து அனுபவம் பேசியது.

"முழுசா எங்கயுமே ஆட்டம் இல்லியா?"

"ஒரு பதினோரு நிமிசம் இருக்கும்மா. தலைவரு சாப்புடறப்ப கேமரா ஆகாதுன்னு ஆர்டரு. எனக்கு எடுக்க ஒண்ணுமில்ல. சும்மா ஒங்க மேட்ச்ச எடுத்து வெச்சேன். எடிட்டுல தூக்கிட்டேன், போர் அடிச்சுது."

அந்தப் பதினோரு நிமிடத்தைப் பென்டிரைவில் வாங்கி வந்தேன். ரோஜா இதழ் தூவித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றேன். முழு ஆட்டம் என்னிடம் இல்லை, இருப்பது இதுதான் என்று எழுதி, மேடை வந்த கதையையும் நான்கு வரியில் சொல்லி பெங்களூருக்கு அனுப்பினேன்.

ஆறாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. அனுப்பியதற்கு நன்றி. எதிரணியின் ரெண்டாம் நம்பர் வீராங்கனையின் போன் நம்பர் கிடைக்குமா?

இரண்டு நாள் நான் பதில் போடவில்லை. தங்கராசுவை, தலைவரை, அந்தோணிசாமியை, ரூல் புத்தகம் படிக்காத மொத்த மாவட்டத்தையும் வீட்டுக்குள் நடந்து நடந்து திட்டினேன். அம்மா சோற்றை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் அந்த வீடியோவை மறுபடி போட்டேன், முதல்முறையாக கோபம் இல்லாமல்.

ஐந்து தடவை பந்து என்னிடம் வந்தது. நான்கு தடவை ஷாசியா பிடுங்கினாள். ஒரு தடவைதான் தாண்டினேன். கம்பளத்தின் விளிம்பில் பந்தை உருட்டி, உள்ளே வருவதுபோல் சாய்ந்து, வெளியே போய்த் தூக்கிக் கொடுத்தேன், நடுவில் நின்ற எங்கள் ஜெயராணி தலையால் முட்டி கோல் போட்டாள். மற்ற நான்கிலும் நான் உள்ளே, வலது காலுக்குத்தான் திரும்பினேன். ஆபரேஷன் செய்த இடது காலை வீசிப் பந்தை அடிக்கப் பயம். இரண்டாவது தடவையே அதைக் கண்டுபிடித்துவிட்டு எனக்கு முன்னாலேயே போய் நின்றிருந்தாள் அந்தப் பிசாசு.

உள்ளே திரும்பியது முழங்காலாலா, வெளியே ஓட இடம் இல்லாததாலா? பதினோரு நிமிடத்தையும் முப்பது தடவை பார்த்தேன். தெரியவில்லை. மேடை இல்லாத நாற்பத்தைந்து நிமிடம் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். என் ஆட்டம் முடிந்ததா இல்லையா என்பதைக்கூட எனக்குத் தெரியாமல் செய்துவிட்டார்கள். அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஷாசியாவைக் கூப்பிட்டேன்.

"பெங்களூர்லேருந்து ஒன் நம்பர் கேக்கறாங்க."

"ஒன்னையக் கேட்டிருப்பாங்கக்கா. நீ தப்பா படிச்சிருப்ப."

"நான் டிகிரிடீ. ரெண்டு வரிய தப்பா படிக்க மாட்டேன்."

"அத்தா வுடமாட்டாரு" என்றாள்.

"அத்தா வுடறது அப்பறம். நம்பர் குடுக்கட்டா, வேணாமா?"

"…குடுக்கா."

கொடுத்தேன். அவள் அப்பாவிடம் பேச மங்கலம்பேட்டைக்கே போனேன். "நீ எங்கெங்க போன, என்னா கண்ட?" என்று அவர் கேட்டார். கோழிக்கோடு, கோவா, புவனேஸ்வரம், ஒரு ஆபரேஷன் என்றேன். உண்மையைச் சொன்னதாலோ என்னவோ, மூன்றாவது டீக்குப் பிறகு சம்மதித்தார். சிதம்பரம் அதற்குள் இன்னொரு ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டது.

"பாப்பா, ஷாசியாவுக்கு விழா" என்றார் தங்கராசு போனில். "நீதான் பொன்னாடை போத்தணும். மேட்ச்சும் உண்டு. பெங்களூர் கோச்சம்மாவே நேர்ல பாக்க வராங்களாம்."

"மேடை எங்க?"

"அதே எடந்தான்."

"அவ ரைட் பேக் சார்."

"தெரியும்மா. ஒனக்கு எடது, அவளுக்கு வலது. ரெண்டும் ஒரே கோடு தான?"

கால்பந்தைப் பற்றி அவர் சரியாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

விழா அன்று காலை எட்டு மணிக்கே கடலூரிலிருந்து போய்விட்டேன். அந்தோணிசாமியின் வீட்டில் இறங்கி அவரையும் அவர் அளவு டேப்பையும் ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியையும் ஆட்டோவில் ஏற்றினேன். மைதானத்தின் கிழக்கே பதினைந்தடி புல் சும்மாவே கிடந்தது. பந்தல் போட வந்த நான்கு பேரோடு சேர்ந்து இரும்பு கோல் போஸ்டுகளை எட்டடி கிழக்கே தூக்கி வைத்தோம்.

"மைதானத்தையே நகத்தலாமாம்மா?"

"அளவு சரியா இருந்தா நகத்தலாம் சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு நான் கத்திக்கிட்டு இருந்தேன். நீங்க ஃப்ளெக்ஸப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் குனிந்து பொடியைத் தூவியபடி பின்னால் போனேன். சோஃபாக்களுக்கும் கம்பளத்துக்கும் இரண்டடி தள்ளி, மேற்குக் கோடு ஒரே நேராக வந்துகொண்டிருந்தது. பாதி தூரத்தில் நிழல் விழுந்து நிமிர்ந்தேன். பாலகுமார் கேமராவைத் தோளில் வைத்து என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் சிரிம்மா."

"கீழ எடுண்ணா" என்றேன். "கோட்ட எடு."