கட்டைவிரல் கட்டு

எந்தக் காலின் ஷூவை முதலில் கழற்றினாள் என்று ராக்குவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வலது என்றுதான் நினைக்கிறாள். தினமும் அதைத்தான் முதலில் கழற்றிவிடுவாள்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் மொக்கச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. ஜீப்பில் இறக்கி போடி வீட்டில் கிடத்தியபோது, காலில் ஷூ அப்படியே இருந்தது.

வலது கால் கட்டைவிரல் மூட்டு அவருக்குத் தேய்ந்து இறுகிப்போயிருந்தது. மேடு ஏறும்போது அது மடங்கினால் உயிர் போகும். மடங்காமல் தாங்கட்டும் என்று தேனி டாக்டர், ஷூவுக்குள் வைத்துக்கொள்ளக் கெட்டியான இன்சோல் ஒன்று கொடுத்திருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் தகடு.

போன மழைக்கு அது நனைந்துவிட்டது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், காயோடு காயாக ராக்குதான் அதையும் காயவைத்தாள். சூட்டில் நடுவே வளைந்து மேடு தட்டிவிட்டது. அவர் போட்டு நடந்து பார்த்தார்.

"இப்பத்தேன் ராக்கு, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு நனைந்தபோதெல்லாம் அவர் உருவிக் கொடுக்க, பெருமையாக ஸ்டோருக்குக் கொண்டுபோனாள்.

அன்று முதன்முறையாக அவளே தகட்டை உருவியபோது, அடியிலிருந்து சோப்பு அட்டைகள் விழுந்தன. வளைவின் பள்ளத்துக்குத் தக்கபடி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூல் சுற்றியிருந்தார். சில அட்டைகள் நைந்திருந்தன. மேலே இருந்தது புதிது. ராக்கு அவற்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் தம்பி சீனிச்சாமி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத்துணி கிழித்துவந்தான்.

"இறுக்காதடா."

"இறுக்கலேன்னா கால் விரிஞ்சுக்கிரும்க்கா. இனி மச்சானுக்கு என்ன வலி?"

ராக்கு குனிந்து விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்தாள்.

"அந்த வெரலத் தெரியாம மிதிச்சதுக்கு ஒரு வாரம் எங்கூடப் பேசலையே மனுசன்," என்றாள் கூட வேலை பார்க்கும் பாண்டியம்மாள். "எட்டாம் நாளு வந்து, மிதிச்சவளுக்கு, மிதிபட்டவனுக்கு ஒரு டீ வாங்கித் தரத் தோணுச்சான்னு கேட்டாரு."

யாரோ சிரித்துவிட்டு அழுதார்கள். சீனிச்சாமி முடிச்சை அவிழ்த்து, மூட்டில் படாமல் தளர்த்திக் கட்டினான்.

தூக்கும்போது ராக்கு மகன் விஜயகுமாரின் கையைப் பிடித்தாள்.

"பொம்பளைக அங்க வரமுடியாது. கால்கட்ட அவுக்கச் சொல்லுவாக. யாரையும் இழுக்க விட்றாத அப்பு. நீயே அவுத்துவிடு."

சாயங்காலம் விஜயகுமார் ஈரத்தலையோடு வந்து வாசலில் நின்றான்.

"கத்திய வச்சு வெரசா அறுத்துவிடுன்னாக. நான் கையாலயே அவுத்தேம்மா. மெதுவா."

"சாப்புடு," என்றாள்.

சீனிச்சாமி காரியம் முடிந்து தேவாரத்துக்குத் திரும்பினான். விஜயகுமார் அதே தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறான். முழங்கால் வலி வந்து பாண்டியம்மாள் மலைக்குப் போவதில்லை. ராக்கு போகிறாள். தகடு அவள் வீட்டு ஜன்னலில், அட்டைகளோடு இருக்கிறது. லீவு நாட்களில் வெயில் அதன்மேல் விழப் பார்த்தால், எழுந்துபோய் நிழலுக்குத் தள்ளி வைக்கிறாள்.