நகராத புள்ளிக்கோடு

அப்பாவின் முட்டி கடைசியில் எவ்வளவு மடங்கும் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு புள்ளிக்கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்தக் கோட்டை வரைந்தவள் நான்.

அப்பா கிரேன் ஓட்டுபவர். சரக்குகள் இறங்கும் பெரிய முற்றத்தில், நாலு மாடி உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்பவர். ஈரமான இரும்புப் படியில் வழுக்கி வலது முட்டி உடைந்தது. தகடும் திருகும் வைத்துத் தைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கால் மடங்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிசியோ அக்கா வந்து, காலை மடக்கச் சொல்லி, பிளாஸ்டிக் கோணமானியை வைத்து அளப்பார். கூண்டுக்கு ஏறும் ஏணி செங்குத்தானது. முட்டி நூற்றி இருபது டிகிரி மடங்கினால்தான் ஏறலாம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பெனியில் எடை மேடையைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வு பெறப் போகிறார். லாரி வந்து நின்றதும் எடையைப் பார்த்துச் சீட்டு கொடுக்கும் வேலை. நாற்காலியிலேயே செய்யலாம். அது வேண்டுமா, இல்லை கிரேனுக்கே திரும்ப வருகிறாரா என்று வெள்ளிக்கிழமைக்குள் அப்பா சொல்ல வேண்டும். கிரேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதப் பரிசோதனையில் கால் மடங்காமல் போனால், எடை மேடைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவார். பிறகு இரண்டும் இல்லை.

நான் பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். மாலையில் வகுப்புக்குப் போகிறேன். அங்கே இரண்டு மென்பொருள்களைச் சொல்லித் தருகிறார்கள். ஒன்று எண்களை வாங்கி அழகாக வரைபடம் போடும். ஆனால் கடினமான கணக்கு என்றால் விழிக்கும். இன்னொன்று எந்தக் கணக்கையும் போட்டுவிடும். ஆனால் அது போடும் படத்தை யாரிடமும் காட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவில் தூது போவதுதான் நாங்கள் எழுதும் ஸ்கிரிப்ட். எண்களை இங்கிருந்து எடுத்துப்போய் அங்கே கொடுத்து, கணக்கு போடச் சொல்லி, விடையைக் கையோடு வாங்கி வர வேண்டும்.

வகுப்பில் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த எதையாவது அளந்து கொண்டுவர வேண்டும் என்றார் ஆசிரியை. நான் அப்பாவின் முட்டியை எடுத்துக்கொண்டேன். முதலில் வேகமாகக் கூடி, போகப்போகத் தயங்கி, ஓர் உயரத்தில் நின்றுவிடும் அளவு அது. அந்த நிற்கும் உயரத்தைக் கணித மென்பொருள் கண்டுபிடித்துச் சொல்லும். வரைபட மென்பொருள் அதைப் படத்தின் மேல்பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடாகப் போடும்.

ஆரம்பத்தில் அந்தக் கோடு ஒவ்வொரு வாரமும் இடம் மாறியது. ஒரு வாரம் நூற்றி ஒன்பது, மறுவாரம் நூற்றிப் பதினெட்டு, அதற்கடுத்து நூற்றிப் பதினொன்று. அப்பா அதைப் பார்த்து, "உன் கம்ப்யூட்டர் முதல்ல ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் நான் வர்றேன்" என்றார். நடுவில் ஒரு திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல், அளக்கவில்லை. முன் வாரத்துக்கும் பின் வாரத்துக்கும் நடுவாக ஓர் எண்ணைப் போட்டிருக்கலாம். அளக்காததை அளந்ததாக எழுதக் கூடாது என்று அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். அது நேர்மை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு கோடு நூற்றி இருபத்து நான்கு புள்ளி ஆறில் போய் நின்றது. அடுத்த வாரமும் அங்கேயே. அதற்கடுத்த வாரமும். எண்கள் கூடக்கூடக் கணக்கு உறுதியாகிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்ப்பேன், வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். இதில் மட்டும் வரவில்லை. நல்ல செய்தியைச் சந்தேகப்பட எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடு வீட்டையே மாற்றியது. அதுவரை அம்மா நாலு தடவை சொன்னால்தான் அப்பா காலை மடக்குவார். இப்போது விடிந்ததும் தானே தரையில் துண்டை விரித்துவிடுகிறார். பழைய சகா ஒருவரிடம் போனில், "என் சீட்டை அழுக்காக்காம வச்சிருடா, வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஆசிரியை, இன்று யாரும் எதையும் சரிசெய்ய வேண்டாம், கெடுத்துப் பாருங்கள் என்றார். தப்பான எண்களைக் கொடுங்கள், ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நான் முட்டியின் அளவு இருந்த கட்டங்களையெல்லாம் பூஜ்யமாக்கி ஓட்டினேன். புள்ளிகள் அத்தனையும் படத்தின் தரையில் விழுந்தன. மேலே புள்ளிக்கோடு நூற்றி இருபத்து நான்கு புள்ளி ஆறிலேயே நின்றது. எண்களை மொத்தமாக அழித்துவிட்டு ஓட்டினேன். வெற்றுத் தாளுக்கு மேலே அதே கோடு.

இன்னொரு முறை ஓட்டினேன். நகரவில்லை.

அந்தக் கணினியை நானும் இன்னொருவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். வகுப்பின் முதல் பாதி அவருக்கு, மறுபாதி எனக்கு. அவர் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர். வகுப்பில் நாற்றுக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். கிளம்புவதற்காகப் பையைத் தோளில் மாட்டியவர், என் திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது என் தக்காளி நாத்தாச்சேம்மா" என்றார்.

"எது அண்ணா?"

"நூத்தி இருபத்தி நாலு புள்ளி ஆறு. மில்லிமீட்டர். அதுக்கு மேல வளராது, பிடுங்கி நட்டுடணும். அது எப்படி உன் அப்பா கால்ல ஏறுச்சு?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். ஆசிரியை வந்து ஸ்கிரிப்டைப் பார்த்தார். பிழை வந்தால் நிற்காமல் அடுத்த வரிக்குப் போ என்று ஒரு கட்டளை மேலே இருந்தது. முதல் வாரங்களில் எல்லோர் திரையிலும் எச்சரிக்கைப் பெட்டிகளாகக் குதித்துக்கொண்டிருந்ததால், அவரே மாதிரி ஸ்கிரிப்டில் போட்டுக் கொடுத்தது அது. பிறகு எடுத்துவிடச் சொல்லியிருந்தார். யாரும் எடுக்கவில்லை. அவர் அதை எடுத்துவிட்டு, அப்பாவின் எண்களைத் திரும்பப் போட்டு ஓட்டச் சொன்னார். உடனே சிவப்பில் ஒரு வரி வந்தது: அனுப்பிய வரிசையில் எண் அல்லாத ஒன்று இருக்கிறது.

காய்ச்சல் வாரத்தின் காலிக் கட்டம்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. காலிக் கட்டம் இருந்ததால் என் எண்களைக் கணித மென்பொருள் வாங்கவே இல்லை. வாங்காததை ஸ்கிரிப்ட் என்னிடம் சொல்லவும் இல்லை. போன தூதன் வெறுங்கையோடு வரக் கூடாது என்று, அங்கே கிடந்த விடையை எடுத்துவந்துவிட்டான். மாதிரியைப் பார்த்து எல்லோரும் எழுதியதால் எல்லோருடைய விடைக்கும் ஒரே பெயர். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் விட்டுப்போன விடை அது. அவர் அளந்து முடித்துப் பல வாரமாகிறது. கோட்டுக்கு எந்தப் பச்சை பொருத்தம் என்று பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப அதையே ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் என் கோடு அத்தனை உறுதியாக நின்றது.

காலிக் கட்டத்தைத் தாண்டிப் போகும்படி எழுதினேன். முதலில் கோண வரிசையில் மட்டும் தாண்டினேன். வார வரிசையில் ஒன்று கூடுதலாக நின்றதால் கணித மென்பொருள் மறுபடி முறைத்தது. இரண்டிலும் சேர்த்துத் தாண்டும்படி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் எண்களை அனுப்பும் முன்பு பழைய விடையை அழிக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். பூஜ்யம் கொடுத்தேன், கோடு கீழே விழுந்தது. எண்களை அழித்தேன், கோடே வரவில்லை. பிறகு அப்பாவின் எண்களைக் கொடுத்தேன்.

நூற்றிப் பதின்மூன்று.

இத்தனை குறைவான புள்ளிகளை வைத்துக்கொண்டு ஒரே எண்ணைச் சொல்லக் கூடாது, எதிலிருந்து எதுவரை என்று சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. அதையும் கேட்டு வாங்கினேன். நூற்றி ஐந்திலிருந்து நூற்றி இருபத்தொன்று வரை. வேறெங்காவது பிழை இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். பிழை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பிழை தேடியது எனக்கு அதுதான் முதல் முறை. கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். தக்காளி என்றதும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார் என்றாள். அதை எடுத்துவிட்டால் மறுபடி பழையபடி படுத்தே கிடப்பாரோ என்று பயப்பட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் இல்லையென்றால் சொல்லாமலே விட்டிருப்பேனோ என்று எனக்கும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லத்தான் வேணும்" என்றாள் அம்மா கடைசியில். "ஆனா சாப்பிட்டு முடிக்கட்டும்."

அப்பா அன்று நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கைகழுவி வந்து உட்கார்ந்ததும், புதுப் படத்தை மடியில் வைத்துச் சொன்னேன். நீளமாகச் சொன்னேன். காலிக் கட்டம், தூது, அழிக்காத விடை எல்லாவற்றையும்.

"அப்போ இத்தனை வாரமா நான் தக்காளிச் செடிக்குப் போட்டியா காலை மடக்கிட்டிருந்திருக்கேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நூற்றி இருபது எங்கே என்று கேட்டார். காட்டினேன். மேல் எல்லைக்கோட்டுக்குச் சற்றே கீழே, அதை ஒட்டினாற்போல் இருந்தது.

"உள்ளதான் இருக்கு. அப்போ வரலாம்ல?"

"வரலாம்ப்பா."

"எந்த அளவுக்கு வரலாம்?"

அதையும் நான் கணக்கு போட்டு வைத்திருந்தேன். போடாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

"இந்த மாதிரி அளவு உள்ளவங்க நூறு பேர்னா, நாலஞ்சு பேருக்கு வரும்."

"நான் அந்த நாலஞ்சு பேர்ல ஒருத்தனா இருந்தா?"

"இருக்கலாம்ப்பா. இல்லைன்னு என்னால சொல்ல முடியாது."

"இருக்கேன்னும் சொல்ல மாட்டே."

"மாட்டேன்."

அவர் படத்தை மடியில் திருப்பி வைத்துவிட்டு டிவியைப் போடச் சொன்னார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் காலையில் துண்டு விரித்தார். முன்பைவிட முரட்டுத்தனமாகக் காலை மடக்கினார் என்று நினைக்கிறேன், பல்லைக் கடிக்கும் சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. வியாழக்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு படி விட்டு ஒரு படி ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சாதாரணமாக இறங்கினார். கீழ்வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்க வந்ததாகச் சொன்னார். நானும் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, சட்டை மாற்றி, தலைவாரிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். நேரில் போவதற்குக் கிளம்பியவர் போல இருந்தார். நான் கடைக்குப் போகாமல் நின்றேன். அம்மா கதவோரத்தில் நின்றாள். அவர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

"எடை மேடைக்கே வந்துடறேன் சார்" என்றார்.

அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கேள்வி நீளமாக வந்தது. அப்பா காதில் வைத்தபடியே தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார், டாக்டர் ஒண்ணும் சொல்லலை. என் பொண்ணு கணக்கு போட்டுப் பாத்தா. வராதாம்."

நான் அப்படிச் சொல்லவில்லை. வரலாம், நூறு பேரில் நாலைந்து பேருக்கு வரும் என்றுதான் சொன்னேன். நூற்றுக்கு நாலைந்து என்பது வராது என்பதாகிவிடாது. ஒரு மனிதர் பல வருடம் ஏறிய ஏணி இனி அவருக்கு இல்லை என்று நான் சொன்னதாகக் கம்பெனியில் எல்லோரும் பேசப் போகிறார்கள். திருத்திவிடலாம் என்று வாயைத் திறந்து ஓரடி முன்னால் வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்தாள்.

அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எந்த நேரத்துக்கு வர வேண்டும், உட்காரும் நாற்காலியை உயர்த்த முடியுமா, காலை நீட்டி வைக்க இடம் இருக்குமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லப்பா" என்றேன். "கொஞ்சம் சுருக்கமா சொல்லிட்டீங்க."

"அந்த ஆளுக்கு அவ்வளவு போதும்" என்றார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, தரையில் விரிக்கத் துண்டை எடுத்து வரச் சொன்னார்.